பாயிண்ட்டும் ஈயச் சொம்பும்

என் மகளின் ரத்தத்தில் ஈயம் கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி நானே ஒரு டாக்டர் முன்னால் போய் நின்றேன். அதற்குக் காரணம் ஒரு ரயில் பாயிண்ட். நிஜ ரயிலுடையது அல்ல. எங்கள் வீட்டு மாடியறையில் ஓடுகிற, உள்ளங்கையில் அடங்குகிற ரயிலுடையது. அதை நான் என் கையால் செய்தேன். நன்றாகவே செய்தேன். மோசமாகச் செய்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

பொம்மை ரயில் என்று சொன்னால் என் கணவருக்குப் பிடிக்காது. மாடல் என்று சொல்ல வேண்டும். அவரும் என் மாமனாரும் அருப்புக்கோட்டையில் மோட்டார், பைப்பு கடை வைத்திருக்கிறார்கள். கடை இல்லாத நேரமெல்லாம் அவருக்கு மாடியறைதான். இரண்டு பிளைவுட் பலகையைச் சேர்த்துப் போட்ட மேசைமேல், எங்கள் ஊரிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரை போகிற லைனைச் சின்னதாகச் செய்துகொண்டிருந்தார். தண்டவாளம் ஒரு விரல் அகலம். ஸ்பாஞ்சைப் பிய்த்துச் சாயத்தில் தோய்த்து வைத்தவை கருவேல மரங்கள். உப்புத்தாளைக் கிழித்து ஒட்டியது கரிசல்.

ஒரு லைன் இரண்டாகப் பிரியும் இடத்துக்குத்தான் பாயிண்ட் என்று பெயர். ரயிலை நேரே விடுவதா, பக்கத்து லைனுக்குத் திருப்புவதா என்பதை அங்கே இருக்கிற இரண்டு மெல்லிய கம்பிகள் முடிவு செய்யும். கத்தி முனைபோல் சீவி, மெயின் கம்பியோடு ஒட்டி நிற்கும்படி வைத்திருப்பார்கள். வெளிநாட்டுக் கம்பெனி பாயிண்ட்டுகள் வந்து சேரவே மாதக்கணக்கில் ஆனது. அதனால், இணையத்தில் இந்த ரயில் பைத்தியம் பிடித்தவர்கள் சேர்ந்திருக்கும் ஒரு குழுவில் சொல்லிவைத்து, யாரோ கையால் செய்த பாயிண்ட் ஒன்றை வடக்கிலிருந்து பார்சலில் வரவழைத்தார். பார்க்க அழகாக இருந்தது. ரயில் அதன்மேல் ஏறியதும் நொண்டி, சாய்ந்து, விழுந்தது. எங்கள் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. ஒவ்வொரு முறையும் "விழுந்துருச்சு!" என்று கைதட்டுவாள். அவர் முகம் கறுக்கும்.

இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று வெட்டும் மூக்கு மாதிரியான இடத்தை இங்கிலீஷில் ஃப்ராக் என்பார்கள். "ஃப்ராக்லதான் கோளாறு" என்று அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பாப்பா மேசைக்கடியில் குனிந்து தவளையைத் தேடினாள். நான் குனிந்து பாயிண்ட்டைப் பார்த்தேன். ஒரு பக்கம் கம்பிகளுக்கிடையே இடைவெளி கூடுதலாக இருந்தது. பற்றவைத்த இடங்கள் கட்டி கட்டியாக இருந்தன.

"இதை நான் செஞ்சு பாக்கட்டுமாங்க?" என்றேன்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். மதுரையில் ஒரு சின்னக் கம்பெனியில் இரண்டு வருடம் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். பாப்பா வயிற்றில் வந்ததும் விட்டேன். விட்டது சரியா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. கையில் ஏதாவது நுணுக்கமான வேலை இருந்தால் அந்தக் கேள்வி கொஞ்சம் தள்ளி உட்காரும். ஆசைப்பட்டது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

பாயிண்ட்டின் முழு அளவுப் படத்தைத் தாளில் அச்செடுத்து, அதன்மேலேயே கட்ட வேண்டும். செம்புத் தகடு ஒட்டிய போர்டை மெல்லிய பட்டைகளாக அறுத்தால் அவைதான் குறுக்குக் கட்டைகள். அவற்றைப் படத்தில் ஒட்டி, மேலே கம்பியை வைத்து, அளவு பார்த்து, சால்டரிங் அயர்னால் ஈயத்தை உருக்கிப் பிடிக்கவைக்க வேண்டும். முதல் பாயிண்ட்டை எட்டு மத்தியானம் உட்கார்ந்து செய்தேன். ரயிலை வைத்தால் சக்கரம் உள்ளே இறங்கவே இல்லை. ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் போய்க் கேட்டேன்.

"ஆமாக்கா, தாளுக்குள்ள அடக்கமா வர்ற மாதிரி லேசாச் சின்னதாக்கிப் போட்டேன். நல்லாத்தான வந்துச்சு?" என்றாள்.

நல்லாத்தான் வந்திருந்தது. ரயிலைத்தான் சின்னதாக்க முடியவில்லை.

இரண்டாவதில் கட்டைகளின் செம்பை நடுவில் அறுத்து இடைவெளி விட மறந்தேன். கரண்ட் கொடுத்ததும் இரண்டு தண்டவாளமும் ஒன்றாகிப்போய் ஷார்ட். மூன்றாவதுதான் பாயிண்ட்டாக அமைந்தது. அவர் கடையிலிருந்து சாப்பிட வந்தவர், கை கழுவாமல் மாடிக்கு வந்து ஒரு பெட்டியை மட்டும் விரலால் மெல்லத் தள்ளினார். சக்கரம் ஃப்ராக்கைக் கடக்கும்போது சின்னதாக ஒரு 'டிக்'. அவ்வளவுதான். மறுபடி தள்ளினார். மறுபடி. சாப்பாடு ஆறிப்போனதென்று அவர் அம்மா, என் அத்தை, கீழேயிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மேலேயே வந்துவிட்டார்.

"இந்தக் கம்பியை வளைக்கத்தான் நாலு வருசம் காலேசுக்குப் போனியாக்கும்?" என்றார் என்னிடம். ஆனால் அவரும் குனிந்து பெட்டியை ஒரு தடவை தள்ளிப் பார்த்தார்.

ஈயத்தை வாங்கியது டிவி ரிப்பேர் கடையில். "அண்ணே, சால்டரிங் கம்பி வேணும்" என்றேன். "ஈயமா? ஒல்லியா, தடிசாம்மா?" என்று கேட்டார். ஒல்லி என்றேன். காலேஜ் லேபிலும் அதற்கு ஈயம் என்றுதான் பேச்சு. லேபில் பொறுப்பாக இருந்தவர், ஈயத்தை வீணாக்காதீங்கம்மா என்று வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார். அந்தச் சொல் அப்படி எனக்குப் பழகிப்போன சொல்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அத்தையின் ஈயச் சொம்பு ஓட்டையானது. எங்கள் வீட்டில் ரசம் ஈயச் சொம்பில்தான். ஈயம் சீக்கிரம் உருகும் என்பதால் சொம்பில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அன்றைக்கு அத்தை வெறும் சொம்பை வைத்து அடுப்பையும் பற்றவைத்துவிட்டார். அந்த நேரம் பந்தல்குடியிலிருந்து அவருடைய அக்கா போன் செய்தார்.

"ரெண்டு வார்த்தைதான்த்தா பேசினேன். அதுக்குள்ள இந்தா பாரு, கடுகு போற ஓட்டை" என்று சொம்பைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். கண் கலங்கியிருந்தது. "பாத்திரக் கடையில எடைக்கு எடுத்துக்கிட்டுப் புதுசு தாரேங்கிறான். நரிக்குடியில எங்க அம்மா வீட்டுல குடுத்து விட்டது. இதைப் போயி அவன் தராசுல வெக்கவா?"

"குடுங்கத்தை, நான் அடைச்சுத் தாரேன்" என்றேன்.

"நீயா?"

"ஈயம்தான அத்தை. எங்கிட்ட ஈயம் இருக்கு."

இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

சொம்பே உருகிவிடுமோ என்பதுதான் அன்று என் ஒரே பயம். அயர்னைத் தொட்டுத் தொட்டு எடுத்தேன். பாயிண்ட் செய்து பழகிய கை. துவரம்பருப்பு அளவில் ஒரு ஒட்டு உள்பக்கமும் வெளிப்பக்கமும் பிடித்தது. அரத்தால் ராவி வழுவழுப்பாக்கினேன். தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தும் ஒரு சொட்டுக் கசியவில்லை.

"ஏலே, உன் பொண்டாட்டி ரயிலுக்கு மட்டுமில்ல, ரசத்துக்கும் பாயிண்டு போட்டுட்டா!" என்று அத்தை தன் மகனிடம் சொன்னார். அக்காவுக்குப் போன் போட்டும் சொன்னார். பந்தல்குடிப் பெரியம்மா தன் சொம்பிலும் ஒரு கீறல் இருப்பதாகவும் கொடுத்துவிடுவதாகவும் சொன்னாராம். ஆனால் கொடுத்துவிட அவருக்கு மறந்துபோனது. அந்த மறதிக்கு இப்போதும் நன்றி சொல்கிறேன்.

அந்த வீட்டுக்கு நான் வந்து ஐந்து வருடத்தில் அத்தை என்னைப் பற்றி வெளியே பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லையோ என்னவோ.

இரண்டு மாதம் அந்தச் சொம்பில் ரசம் வைத்தோம். பாப்பாவுக்கு ரசம்சோறு என்றால் உயிர். சோறு முடிந்தபின் டம்ளரில் தனியாக ஊற்றிக் குடிப்பாள். சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளை ரசத்தையாவது குடிக்கிறதே என்று நானே கூட ஒரு கரண்டி ஊற்றியிருக்கிறேன்.

சரியாக ஓடுகிற ஆறாவது பாயிண்ட் முடிந்ததும் அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். பலர் பாராட்டினார்கள். ஒருவர் மட்டும், படத்தின் ஓரத்தில் ஒரு குழந்தையின் கை தெரிகிறதே, வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் காரீயம் இல்லாத கம்பியைப் பயன்படுத்துங்கள் என்று எழுதியிருந்தார். நான் எப்போதும் கை கழுவுகிறேன் என்று உடனே பதில் போட்டேன். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட. போட்டுவிட்டுத்தான் கம்பிச் சுருளைத் திருப்பிப் பார்த்தேன். எஸ்என் அறுபது, பிபி நாற்பது.

தமிழில் இரண்டும் ஈயம்தான். சொம்பு செய்வது வெள்ளீயம், அதுதான் எஸ்என். அதில் சமைக்கலாம். என் கம்பியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கலந்திருந்தது காரீயம், அதாவது பிபி. அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கிற விஷம். புளியில் இன்னும் நன்றாகக் கரையும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பிபி என்றால் என்ன என்று பத்தாம் வகுப்பிலிருந்து தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். இங்கிலீஷில் படித்ததை இங்கிலீஷிலேயே வைத்துவிட்டேன். அடுப்படியில் நின்றபோது எனக்குத் தெரிந்தது ஈயம் என்ற ஒரு சொல்தான்.

கீழே தாளிக்கிற வாசனை வந்தது. ஓடினேன். ரசம் நுரைகட்டி நின்றது. அத்தை கறிவேப்பிலை பறிக்கப் பின்பக்கம் போயிருந்தார். சொம்பைத் துணியால் பிடித்து அப்படியே தொட்டியில் கவிழ்த்தேன். அத்தை வந்துவிட்டார்.

"என்னத்தா செய்ற!"

"பல்லி விழுந்துருச்சு அத்தை."

"பல்லியா? எங்க?"

"ஓடிருச்சு."

"கொதிக்கிற ரசத்துல விழுந்த பல்லி எப்படித்தா ஓடும்?"

அது எப்படி ஓடும் என்று எனக்கும் தெரியவில்லை. பாப்பா குடித்தாளா என்று மட்டும் அத்தை மூன்று தடவை கேட்டார். இல்லை அத்தை, இல்லை அத்தை என்றேன். அன்றைய ரசத்தைப் பற்றி அது உண்மை.

சொம்பை மாடிக்குக் கொண்டுபோய் தண்டவாளப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று என் கணவர் பிறகு கேட்டார். சோதனை செய்து ஒன்றும் இல்லை என்று தெரிந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் அவரிடம் சொன்னேன். உண்மையில், அத்தை என்னைப் பற்றிப் பேசிய பெருமை போய்விடுமே என்றும் நினைத்தேன். பிள்ளைக்கு விஷம் கொடுத்துவிட்டு அதையும் நினைத்திருக்கிறேன்.

அடுத்த மூன்று நாள் போனில் தேடித் தேடிப் படித்தேன். பசியின்மை, வயிற்றுவலி, மலச்சிக்கல், எரிச்சல், தூக்கமின்மை, கவனக்குறைவு. அந்த வயதில் எந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் இல்லை? ஆனால் அவை ஒவ்வொன்றும் என் பிள்ளைக்கு எந்த நாளில் வந்தது என்று என்னால் சொல்ல முடிந்தது. ஒருநாள் காலையில் அவளுக்கு ஒரு பாட்டின் இரண்டாவது வரி வரவில்லை. உடனே நிறங்களைக் கேட்டேன். சொன்னாள். எண்களைக் கேட்டேன். சொன்னாள். மத்தியானம் மறுபடி நிறங்களைக் கேட்டேன்.

"உனக்குத்தான் தெரியும்ல. நீயே சொல்லு" என்றாள்.

அது புத்திசாலித்தனமா, எரிச்சலா என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சொம்பைக் காணோம் என்று அத்தை முதல் நாள் தேடினார். இரண்டாம் நாள் எல்லோரையும் கேட்டார். நான் "பாக்கலையே அத்தை" என்றேன். மூன்றாம் நாள் காலையில், பாத்திரம் விளக்க வருகிற அக்கா பின்பக்கம் குழாயடியில் உட்கார்ந்திருக்கும்போது, அத்தை என்னிடம் தாழ்ந்த குரலில், "இவ கண்ணு அது மேலயே இருக்கும்த்தா. சொம்பு ரொம்பக் கனமோன்னு அன்னைக்கே கேட்டா. இன்னைக்குக் கேட்டுற வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கப் போனார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அவுக எடுக்கல அத்தை. நான்தான் எடுத்தேன்."

"நீயா? எதுக்கு?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டேன்.

"ஈயம்னுதான சொன்ன?" என்றார் அத்தை.

"ஈயம்தான் அத்தை. ஆனா அது வேற ஈயம்."

"ஈயத்துல என்ன வேற ஈயம்?"

மாடிக்குப் போய் சொம்பை எடுத்துவந்தேன். அத்தை அதை வாங்கி, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். அதன் பின்பக்கம் வெள்ளை. சொம்பின் விளிம்பை அதில் அழுத்தித் தேய்த்தார். ஒன்றுமில்லை. சொம்பைத் திருப்பி, அடியில் நான் வைத்த ஒட்டைத் தேய்த்தார். பென்சிலால் இழுத்ததுபோல் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது.

"நல்ல ஈயம் கோடு போடாது" என்றார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வாங்கறப்போ இப்படித் தேச்சுப் பாத்துத்தான் வாங்கணும்னு எங்க வீட்டுல சொல்லுவாக. நீ ஒட்டுப் போட்டுக் குடுத்தப்போ எனக்கு இது தோணலையே. படிச்ச புள்ள செஞ்சதுன்னு விட்டுட்டேனே."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திட்டும் வந்தது, கொஞ்சம் தாமதமாக. "பல்லின்னு சொன்ன பாரு, அந்தப் பல்லிக்குத் தோசம் கழிக்க நான் கோயிலுக்கு வேற போயிட்டு வந்தேன்டி!" என்று கத்தினார். பின்பக்கமிருந்து பாத்திர அக்கா எட்டிப் பார்த்து, "என்னம்மா, யாருக்குப் பல்லி?" என்றார்.

அன்றே பிள்ளைகள் டாக்டரிடம் போனோம். அவர் கேட்டுக்கொண்டே வந்தவர், "ஈயச் சொம்பா? எங்க வீட்டுலயும் இருக்கே" என்றார். பிறகு சட்டென்று டாக்டராகி, எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு, பிள்ளை மண் தின்னுமா என்று கேட்டு எழுதினார். "இங்க பாக்க முடியாது. ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பணும். அங்க இருந்தும் வெளியூருக்குப் போகும். ஒரு வாரம் ஆகும்."

ஊசி குத்தும்போது பாப்பாவின் தோளைப் பிடித்திருந்தது நான். அவள் அழுதது ஊசிக்கல்ல. குத்தியபின் என் முகத்தைப் பார்த்துத்தான் அழுதாள்.

அந்த ஒரு வாரத்தில் நான் மாடியறையை மூன்று தடவை ஈரத்துணியால் துடைத்தேன். மேசையில் ஆறு பாயிண்ட் இருந்தன, எல்லாம் அதே கம்பியால் பற்றவைத்தவை. "பெயிண்ட் அடிச்சாச்சும்மா. பாப்பா அதைத் திங்கவா போகுது?" என்றார் என் கணவர். சரி என்று கீழே போனேன். பாதிப் படியில் நின்று திரும்பி வந்து, ஆறையும் பெயர்த்து, பையில் போட்டுக் கட்டினேன். அந்த இடங்களில் சாதாரணத் தண்டவாளத்தைப் பொருத்தினேன். ரயில் ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பாப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா இது எந்த ஊருக்கும் போக மாட்டேங்குது?" என்று கேட்டாள்.

முடிவு வந்தது. இருக்கலாம் என்று சொல்லப்படுகிற அளவைவிடக் கொஞ்சம் கூடுதல். டாக்டர் அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னார். இதற்கு மருந்து தேவையில்லை, காரணத்தை எடுத்தாயிற்று, இரும்புச்சத்து மருந்தும் பாலும் முட்டையும் கொடுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார்.

"இதனால அவளுக்கு ஏதாவது ஆகியிருக்குமா டாக்டர்?"

"நல்லா ஓடியாடுது. நல்லாப் பேசுது."

"அதில்ல. ஆகியிருந்தா தெரியுமா?"

அவர் பேனாவை மூடினார். "இவ்வளவு குறைஞ்ச அளவுல, ஆச்சு, ஆகலன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றார். அந்தப் பதிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது என்றுதான் தெரியவில்லை.

அந்த மூன்று மாதத்தில் பாயிண்ட் வேலையை நான் விட்டிருக்க வேண்டும். என் கணவரும், "விட்டுரும்மா, நேர் லைனே போதும்" என்றார். நான் விடவில்லை. காரீயம் இல்லாத கம்பியை வரவழைத்து மறுபடி ஆரம்பித்தேன். மகள் கேட்டதற்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். கையைப் பற்றி எனக்கே ஒரு நம்பிக்கை வேண்டியிருந்தது என்பதைச் சொல்லவில்லை. எது உண்மையான காரணம் என்று இப்போதும் எனக்குத் தீர்மானமில்லை.

மாடியறையில் வேண்டாம் என்று மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டேன். வேலைக்கென்று ஒரு பழைய நைட்டி. புதுக் கம்பிக்கு அதிகச் சூடு வேண்டும். அது ஓடிப் பரவாமல் மொத்தையாக நிற்கும். ஆறினால் பளபளக்காமல் மங்கலாக இருக்கும். பார்த்தால் பழுதான ஒட்டு மாதிரியே தெரியும். நன்றாகப் பிடித்த இடத்தையும் சந்தேகப்பட்டு மறுபடி சூடாக்குவேன், கட்டையிலிருந்து செம்புத் தகடு உரிந்து வந்துவிடும். பழைய கம்பியில் ஆறு செய்த காலத்தில் இதில் ஒன்றுதான் முடிந்தது.

அத்தை ஒரு சட்டம் போட்டார். "எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவ மாதிரி தலையோட ஊத்திட்டுத்தான் வீட்டுக்குள்ள வரணும்." புதுக் கம்பியில் விஷம் இல்லை அத்தை என்று சொல்லிப் பார்த்தேன். "நீ ஈயம்னப்பவும் அப்படித்தான சொன்ன" என்றார். நான் ஊற்றிக்கொண்டேன்.

ரசம் எவர்சில்வருக்கு மாறியது. பாப்பா முதல் வாயிலேயே துப்பினாள். "இது ரசமில்ல" என்றாள். அத்தை பெருங்காயத்தைக் கூட்டினார், பூண்டைக் கூட்டினார். பாப்பா ஏமாறவில்லை. ரசம் குடிக்க மாட்டேன் என்கிறாளே என்று நான் சந்தோஷப்படுவதா, ஒரு வாய் சோறு குறைகிறதே என்று கவலைப்படுவதா?

மூன்று மாதம் முடிந்து இரண்டாவது தடவை ரத்தம் எடுத்தோம். முடிவு வந்த அன்று நான் மட்டும்தான் டாக்டரிடம் போனேன். இறங்கியிருந்தது. இப்போது அது அவர்கள் குறித்திருக்கிற கோட்டுக்குக் கீழே. "இனிமே பாக்க வேண்டியதில்லம்மா. நிம்மதியா இருங்க" என்றார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, செருப்பைப் போட்டேன். கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போய், "கோட்டுக்குக் கீழன்னா இல்லைன்னு அர்த்தமா டாக்டர்?" என்று கேட்டேன். அடுத்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை மட்டும் ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. மூன்றாவது தடவை உள்ளே போக வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அத்தை வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்னத்தா சொன்னாக?"

"இறங்கிருச்சு அத்தை. பயமில்லைன்னுட்டாக."

அவர் இரண்டு தாளையும் வாங்கினார். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். அவருக்கு இங்கிலீஷ் வராது, எண் தெரியும். எந்த இடம் என்று கேட்டார். விரலால் காட்டினேன். அங்கே இருந்ததையும் இங்கே இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப, இன்னும் இருக்குல்ல?"

"இருக்கு அத்தை."

"எம்புட்டு?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

உள்ளே பாப்பா ரயிலைத் தரையில் தள்ளித் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். அத்தை தாள்களை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி அதே எண்ணைப் பார்த்தார்.

"டாக்டர் வேண்டாம்னாலும் பரவாயில்ல" என்றார். "அடுத்த மாசம் இன்னொருக்க எடுத்துப் பாத்துருவோம். நானும் வாரேன்."